கூரை கேட்டவருக்குச் சால்வை

1

சென்ற நவம்பரில், நான் வசிக்கும் ஊரின் நகரமன்றம் எனக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், செருப்புத் தொழிற்சாலைகளை மூடிய பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் ஊர் இது. ‘நம் நகரத்துக்கு முஸ்லிம் குடிமக்களின் பங்களிப்பு’ என்று கேடயத்தில் பொறித்திருந்தார்கள். கீழே என் பெயர். மெஹருன்னிஸாவில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார்கள்.

என் பங்களிப்பு என்ன என்று யோசித்துப் பார்த்தேன். அரசுப் பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டு கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அதே வேலையைப் பக்கத்து வகுப்பில் டேவிட் செய்கிறார். அவருக்குக் கேடயம் இல்லை. அவர் கடவுளை நம்புகிறவரா இல்லையா என்று நகரமன்றம் இதுவரை கவலைப்பட்டதும் இல்லை. டேவிட் கணக்கு நடத்தினால் அது கணக்கு. நான் நடத்தினால் அது பங்களிப்பு.

மேயர் கழுத்தில் பதவிச் சங்கிலியோடு வந்து பேசினார். இந்த ஊரில் நாங்கள் எங்கள் மதத்தைச் சுதந்திரமாகப் பின்பற்றுவதில் அவருக்குப் பெருமையாம். சகிப்புத்தன்மைதான் இந்த ஊரின் அடையாளமாம். பிறகு சமோசா வந்தது. எங்களைக் கூப்பிட்ட இடத்தில் சமோசா வராமல் இருந்து நான் பார்த்ததில்லை.

கம்பளக் கடையின் மாடியில் எங்கள் ஆட்கள் ஒரு தொழுகை அறை கேட்டு, ‘கார் நிறுத்த இடம் போதாது’ என்று இதே மன்றம் மறுத்திருந்தது. எதிர்ச்சாரியில் இருக்கும் மதுக்கடைக்கு வெள்ளிக்கிழமை மாலை வரும் கார்கள் தெருமுனை வரைக்கும் நிற்கும். அவை இடத்தை அடைக்காத கார்கள் போலிருக்கிறது.

திரும்பும் வழியில் என் மகள் ஹனா கேட்டாள். அவள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். தமிழை என்னிடம் கடன் வாங்கிப் பேசுவாள்.

“அம்மா, அந்த ஆளு டாலரன்ஸ் டாலரன்ஸ்னு சொன்னாரே, அதுக்குத் தமிழ்ல என்ன?”

“சகிப்புத்தன்மை.”

“சகிக்கிறதுன்னா? பல்லு வலிச்சப்ப நீங்க ‘சகிக்க முடியல’ன்னு சொன்னீங்களே, அதுவா?”

“அதேதான்.”

“அப்ப நாம பல்லுவலியா?” என்றாள்.

மேயர் ஒரு மாலை முழுக்கப் பேசியதை அவள் மூன்று வார்த்தையில் மொழிபெயர்த்துவிட்டாள்.

2

அடுத்த வாரமே ஊரிலிருந்து மதினி போன் செய்தார். என் அண்ணன் ஜமாலின் மனைவி. எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்னவாசலுக்குப் பக்கம். அண்ணன் அங்கே மைக்செட்டும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுகிறார். கோயில் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம், தர்கா கந்தூரி எல்லாவற்றுக்கும் அவருடைய ஒலிபெருக்கிதான்.

“ஒங்க அண்ணனுக்குச் சர்க்காரு விருது குடுக்குதாம்மா. சிறுபான்மையினர் விழாவுல. புயலுக்குத் தண்ணி குடுத்தாருல்ல, அதுக்கு.”

“புயல் அடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு மதினி?”

“இப்பத்தான் அவுகளுக்கு ஞாபகம் வந்திருக்கு.”

அந்தப் புயல் கரையோரத்தோடு நிற்காமல் எங்கள் பக்கமும் ஏறி வந்தது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் வயலில் விழுந்து மடிந்திருந்தன. கரண்ட் இல்லாததால் மேல்நிலைத் தொட்டிகளில் தண்ணீர் ஏறவில்லை. ஜனங்கள் குடத்தை வைத்துக்கொண்டு காலிக் குழாயைப் பார்த்தபடி நின்றார்கள். அண்ணன் தன் ஜெனரேட்டரை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றினார். கூட முருகேசன். இருவரும் சேர்ந்துதான் அந்தத் தொழிலை ஆரம்பித்தார்கள். வயர் வேலை முழுக்க முருகேசன் பொறுப்பு. ஊர் ஊராகப் போய், தொட்டி மோட்டாருக்கு இணைப்புக் கொடுத்து, தொட்டி நிரம்பியதும் அடுத்த ஊர். டீசலை அந்தந்த ஊர்க்காரர்களே கேனில் கொண்டு வந்து ஊற்றினார்கள். கரண்ட் வரும்வரைக்கும் இருவரும் வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை என்று மதினி சொல்லுவார்.

அதே புயலில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் ஓட்டுக் கூரையில் பாதி பறந்துவிட்டது. மீதியைப் பள்ளிவாசலை நடத்தும் ஜமாஅத்தே பயந்து இறக்கி வைத்தது. அன்றிலிருந்து இன்றுவரை தார்ப்பாய்தான். வழிபாட்டு இடத்தைக் கட்டவோ திருத்தவோ அனுமதி வேண்டும். அண்ணன் ஜமாஅத் செயலாளர் என்பதால் அனுமதிக்கு அலைவது அவர் வேலையாயிற்று.

“கூரைக்கு அனுமதி வந்துச்சா மதினி?”

“அதைக் கேக்காத. விருதுக்கு மட்டும் வா. பிள்ளையையும் கூட்டிட்டு வா, மாமுவை மேடையில பாக்கட்டும்.”

விழாவைக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் வைத்திருந்தார்கள். டிக்கெட் போட்டேன்.

3

வந்த மறுநாள் அண்ணனோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். நான் அவ்வப்போது பத்திரிகைக்கு எழுதுகிறவள்; எந்த அலுவலகம் என்று மட்டும் எழுதப் போவதில்லை. நான் பார்த்த அலுவலகங்கள் எல்லாவற்றிலும் அதே பச்சை மேஜை விரிப்புதான்.

எனக்குப் பிடிபட வெகு நேரமானது ஒரு விஷயம். விழா அழைப்பிதழும் எங்கள் கூரைக் கோப்பும் ஒரே உதவியாளரின் மேஜையில் இருந்தன. அழைப்பிதழ் வலது கைப்பக்கம், கோப்பு இடது கைப்பக்கம். வலது கை எங்களைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னது.

“வாங்க பாய், வாங்க. விழா நாயகர் நீங்கதான்.”

அண்ணன் உட்கார்ந்ததும் இடது பக்கத்தைக் காட்டினார். “சார், அந்தக் கூரை விஷயம்...”

“அது போயிட்டிருக்கு பாய். ஆட்சேபணை எதுவும் வராம இருக்கணும்ல.”

“வரலையே சார். பக்கத்துக் கோயில்காரவுகளே எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாக.”

“இப்ப வரல. நாளைக்கு வந்தா?”

எனக்குப் பொறுக்கவில்லை. “நாளைக்கு வந்தா நாளைக்குப் பாத்துக்கலாம்ல சார்?” என்றேன்.

அவர் என்னை அப்போதுதான் பார்த்தார். “மேடம் எங்க இருக்கீங்க?”

“இங்கிலாந்துல.”

“அங்கல்லாம் ரூல்ஸ் வேற மேடம். அங்க ஃப்ரீடம் ஜாஸ்தி.”

கம்பளக் கடை மாடியைப் பற்றி அவரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? அங்கே கார், இங்கே ஆட்சேபணை. வராத காரும் வராத ஆட்சேபணையும்தான் உலகத்தில் எங்கள் வழியை மறிக்கின்றன.

உதவியாளர் வலது பக்கத்துக்குத் திரும்பினார். “பாய், அன்னைக்குத் தொப்பி போட்டுட்டு வந்துருங்க. போட்டோவுல பாத்ததும் தெரியணும்.”

“என்னது சார் தெரியணும்?”

“அதான்... நல்லிணக்கம்.”

அண்ணன் தொழும்போது தவிர தொப்பி போடுகிறவர் இல்லை. சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு ஆமாம் என்றும் பொருள், இல்லை என்றும் பொருள். அலுவலகங்களில் அலைந்து அலைந்து அவர் கற்றுக்கொண்ட ஆட்டல் அது.

“அப்புறம் பாய், மைக்செட்டும் உங்களோடதையே வெச்சிருவோம். உங்க விழாதானே.”

உங்க விழா என்றால் வாடகை கிடையாது என்று பொருள். வெளியே வந்ததும் நான் வெடித்தேன்.

“என்னண்ணே இது? அவங்க விருதும் வேணாம், சால்வையும் வேணாம்னு மூஞ்சியில அடிச்ச மாதிரிச் சொல்லிட்டு வர வேண்டியதுதானே?”

“சொல்லலாம். சொன்னா கூரை வந்துருமா?”

“வாங்கிக்கிட்டா மட்டும் வந்துருமா?”

“தெரியல. ஆனா மேடைக்குக் கூப்பிட்டுப் பேசச் சொல்றாகள்ல. உள்ள இருக்கிற பெரிய ஆபீசரை நாலு வருஷமா பாக்க முடியல. அன்னைக்குப் பக்கத்துலயே நிப்பாரு.”

4

புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம். விழா காலையில் ஆரம்பிக்க வேண்டியது; பெரிய அதிகாரி வருவதற்குள் பிரியாணி வாசனை சமையற்கட்டிலிருந்து மண்டபத்துக்கு வந்துவிட்டது. முன்வரிசையில் எங்கள் ஜமாஅத் தலைவர் புது வேட்டியில் உட்கார்ந்திருந்தார். போட்டோகிராபர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் முகமும் அந்தப் பக்கம் திரும்பியது. மேடைக்குப் பக்கவாட்டில் ஆம்ப்ளிஃபயர் முன்னால் முருகேசன் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் இருந்தார். மதினி, நான், ஹனா மூவரும் பெண்கள் பக்கம்.

அண்ணன் வெறுந்தலையோடு வந்திருந்தார். உதவியாளர் ஓடிவந்து பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு புதுத் தொப்பியை எடுத்து நீட்டினார். முன்ஜாக்கிரதையாக அரை டஜன் வாங்கி வைத்திருந்தார்கள். அண்ணன் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பெரிய அதிகாரி நல்ல தமிழில் பேசினார். “இஸ்லாமிய சகோதரர்கள் தங்கள் மதத்தைச் சுதந்திரமாகப் பின்பற்ற இந்த அரசு அனுமதித்திருக்கிறது. அந்த நன்றியுணர்வோடு அவர்களும் சமுதாயத்துக்கு அரும்பணி ஆற்றி வருகிறார்கள்” என்றார்.

பலத்த கைதட்டல். எங்கள் ஆட்கள்தான் பலமாகத் தட்டினார்கள்.

நான் கணக்கு டீச்சர். வாக்கியத்தை உடைத்துப் பார்ப்பேன். சட்டப் புத்தகத்தில் எல்லாருக்கும் பொதுவாக எழுதி வைத்ததை இவர் தன் கையால் எங்களுக்கு எடுத்துக் கொடுத்ததாகச் சொல்கிறார். அதை வாங்கிக்கொண்டதற்குக் கைம்மாறாக அண்ணன் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றினாராம். ஆவுடையார்கோவில் தேர் இழுக்கிறவர்களிடம் போய், உங்களைச் சாமி கும்பிட அனுமதித்திருக்கிறோம் என்று இவர் சொல்வாரா? சகோதரர்கள் என்ற சொல்லையும் கவனித்தேன். இங்கே மேடையில் யாராவது நம்மைச் சகோதரர் என்றால் அடுத்து ஏதோ ஒன்றை நம்மிடமிருந்து கேட்கப் போகிறார்கள், அல்லது தர வேண்டியதைத் தராமல் இருக்கப் போகிறார்கள்.

அண்ணனைக் கூப்பிட்டார்கள். சால்வை போர்த்தினார்கள். சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். “பாய், ரெண்டு வார்த்தை நன்றி சொல்லிருங்க” என்றார் உதவியாளர்.

எத்தனையோ பேருக்கு மைக் வைத்துக் கொடுத்தவர் அண்ணன். ஆனால் ‘ஹலோ, ஒன் டூ த்ரீ’ என்பதற்கு மேல் மைக்கில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

“எல்லாருக்கும் சலாம், வணக்கம்,” என்றார். “புயலுக்கு நான் தண்ணி எடுத்து விட்டேன்னு சொன்னாக. நான் மட்டும் போகல. அந்தா உக்காந்திருக்கிற முருகேசனும் நானும்தான் போனோம். ஜெனரேட்டர் எங்ககிட்ட இருந்துச்சு. ஜனங்ககிட்டத் தண்ணி இல்ல. அதுக்காகப் போனோம். இதுல மதம் எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியல.”

உதவியாளர் புன்னகையோடு கடிகாரத்தைப் பார்த்தார்.

“அய்யா சுதந்திரமா தொழுகலாம்னு சொன்னாக. சந்தோஷம். ஆனா மழை பெஞ்சா எங்க பள்ளிவாசல்ல தொழுக முடியல. அதே புயல்ல கூரை போச்சு. ஆட்சேபணை வந்தா என்ன பண்றதுன்னு அனுமதி நிக்கிது. இன்ன வரைக்கும் ஆட்சேபணை வரல. இங்க எல்லாரும் இருக்கீங்க. ஆட்சேபணை இருக்கிறவுக யாராச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க, நான் கீழ எறங்கிருறேன்.”

பெரிய அதிகாரியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. உதவியாளர் முருகேசனைப் பார்த்துக் கையைக் கீழ்நோக்கி ஆட்டினார். சத்தத்தைக் குறை என்று சைகை. முருகேசன் அவரைப் பார்த்துப் பணிவாகத் தலையசைத்தார். பிறகு குமிழைத் திருப்பினார். அண்ணனின் குரல் இன்னும் பெரிதாயிற்று.

“யாரும் சொல்லல,” என்றது அந்தப் பெரிய குரல். “அப்ப அய்யா பாத்துக் கூரையைப் போட விடணும். இந்தச் சால்வையைக் கூரையில விரிச்சாப் பத்தாது.”

பெண்கள் பக்கம் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு கைதட்டல். முன்வரிசையில் தட்டவில்லை. ஜமாஅத் தலைவர் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

பெரிய அதிகாரி எழுந்து மைக்கை வாங்கி, “சகோதரரின் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்படும்” என்றார்.

சாப்பாட்டுப் பந்தியில் தலைவர் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, இதெல்லாம் மேடையில கேக்குறதா? அவுக மனசு நோகும்படி பேசிட்டியே. இருக்கிற நல்ல பேரும் போச்சு.”

“நல்ல பேரை வெச்சு என்ன மாமு பண்றது?” என்று அண்ணன் கேட்டுவிட்டு ரசத்துக்கு இலையை நகர்த்தினார்.

எனக்கு அந்த அதிகாரி மீது இருந்த இளக்காரத்தைவிடத் தலைவர் மீது அதிகமாக வந்தது. அவருக்கு ஊதியம்கூட இல்லை. இலவசமாகக் குனிகிறார்.

ஹனா தொழுகையை விட்டு ஒரு வருஷம் ஆகிறது என்று எனக்குத் தெரியும். நானும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. அன்று மாலை அவள், “அம்மா, அங்கேயும் உங்களுக்குக் கண்ணாடி குடுத்தாங்க. இங்கே மாமுவுக்குத் துணி குடுத்தாங்க. நாம எந்த ஊர்லதான் சும்மா இருக்கலாம்?” என்றாள். ‘சும்மா’ என்ற சொல்லை அவள் சரியான இடத்தில் போட்டதை எண்ணிச் சந்தோஷப்பட எனக்கு மனம் வரவில்லை.

5

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. ‘அரசுக்கு நன்றி தெரிவித்து முஸ்லிம் பிரமுகர் உருக்கம்’ என்று தலைப்பு. மதினி அதை வாசித்துவிட்டு, “என்னைக்காவது இவரு உருகி நான் பாத்ததில்ல” என்றார்.

அதற்குப் பிறகு அந்த அலுவலகத்து விழா எதற்கும் அண்ணனுக்கு அழைப்பு இல்லை. மைக்செட்டை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். “விடுங்க பாய், ஓசிக்குப் போடுற விழாதானே போச்சு,” என்று முருகேசன் சொன்னாராம்.

நான் இங்கே திரும்பி வந்ததும் ஒரு காரியம் செய்தேன். தொழுகை அறைக்கான விண்ணப்பத்தை மறுபடி எடுத்துக்கொண்ட நகரமன்றக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்தேன். இதுவரை அப்படிப் போனவள் இல்லை. அந்தத் தெருவில் எந்த நேரத்தில் எத்தனை கார் நிற்கிறது என்று என் மாணவர்களுக்குப் புள்ளியியல் பயிற்சியாக வைத்திருந்தேன். அதைச் சொல்ல ஆரம்பித்தேன். எனக்குக் கொடுத்த நேரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்தது. மைக் தானாக அணைந்தது. இங்கே அது இயந்திரத்தின் வேலை. குமிழ் முன்னால் முருகேசன் இல்லை. தலைமை வகித்தவர், சமுதாயத்தின் குரலைப் பதிவு செய்துகொண்டதாக நன்றி சொன்னார். முடிவைத் தள்ளி வைத்தார்கள்.

பங்குனியில் அண்ணனுக்கு அனுமதி வந்தது. போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். தகரக் கூரை மட்டும் போடலாம், உயரம் பழைய அளவுக்கு மேல் போகக் கூடாது, ‘இச்சமூகத்தினரின் பொதுநலப் பங்களிப்பைக் கருத்தில் கொண்டு சிறப்பு நேர்வாக’ அனுமதிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது.

உடனே போன் செய்தேன். “படிச்சீங்களாண்ணே? நீங்க தண்ணி ஊத்தலைன்னா கூரை இல்லைன்னு அர்த்தம். ஜெனரேட்டர் இல்லாத முஸ்லிம் நனைஞ்சுகிட்டே தொழுகணுமா? இதைத் திருப்பி அனுப்புங்க.”

“அனுப்பிட்டு?”

“கோர்ட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கிறேன்.”

“நீ சொல்றது நூத்துக்கு நூறு சரிம்மா,” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. “ஆனா அங்க தொழுகுறதுல பாதிப் பேரு வயசானவுக. அடுத்த மழைக்கு அவுகளை நனைய விட்டுட்டு நான் நியாயம் பேசவா? அவன் என்ன எழுத்து வேணா எழுதிக்கிறட்டும். மேல தகரம் இருக்கா, கீழ தண்ணி சொட்டுதா, எனக்கு அதான் கணக்கு.”

“இப்படி விட்டு விட்டுத்தான் அண்ணே...”

“விடல. நீ அதை எழுது. நீ எழுதுறவதானே. நான் கூரையைப் போடுறேன்.”

கூரை போட்டார்கள். சித்திரை முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது. விசிறிக்கும் விளக்குக்கும் வயர் இழுக்கிற அன்று அண்ணன் வீடியோ காலில் காட்டினார். புதுத் தகரம் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. அசிங்கமான கூரை. ஓடு போட்டிருந்த காலத்து அழகில் கால்வாசிகூட இல்லை. அதை இன்னொரு தடவை காட்டச் சொல்லிப் பார்த்தேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இன்னொரு போன் அடித்தது. அந்த அலுவலகத்து உதவியாளர். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டு, நான் கேட்கட்டும் என்று கண்ணைச் சிமிட்டினார்.

“பாய், நல்லா இருக்கீங்களா? துறை சார்பா ஒரு மலர் போடுறோம். முஸ்லிம்களின் பங்களிப்புன்னு ஒரு பக்கம். புதுக் கூரைக்கு அடியில நீங்க நிக்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க.”

“என் போட்டோ எதுக்கு சார்? இந்தா, முருகேசன் ஏணியில நின்னு வயரு இழுத்துக்கிட்டிருக்கான். பள்ளிவாசலுக்குக் கூலி வாங்க மாட்டேன்னுட்டான். புயலுக்கும் அவன்தான் வந்தான். பங்களிப்புன்னா அவனைப் போடுங்க.”

“அவரு நம்ம... அவரு முஸ்லிமா பாய்?”

“இல்ல சார்.”

“அப்ப அது இதுல வராதே,” என்றார் உதவியாளர்.